கையில் நான்கு பேர், வரிசையில் நாற்பது வேலை

சிறிய டிசைன் டீமை நடத்துபவர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகள் பலவும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. ஆள் கூடப்போவதில்லை, வேலை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. அவற்றில் எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் டீமில் நான்கு டிசைனர்கள், மூன்று புராடக்ட்களுக்கு வேலை செய்கிறோம். எல்லோரும் ஓயாமல் உழைக்கிறார்கள். ஆனாலும் மாதக் கடைசியில் முடிந்தது என்று காட்ட அதிகம் இருப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பாதியில் நிற்கும் வேலைகளை எண்ணுங்கள். இன்றைக்கே செய்யலாம். "தொடங்கியாயிற்று, ஆனால் இன்னும் கையை விட்டுப் போகவில்லை, அப்படி என்னென்ன இருக்கிறது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள். டெவலப்பரின் பதிலுக்காக நிற்பது, மேலே ஒப்புதலுக்குப் போனது, "சின்ன வேலைதான்" என்று சாட்டில் வந்து விழுந்தது எல்லாமே கணக்கில் வர வேண்டும். நான்கு பேருக்கு இந்த எண்ணிக்கை 12, 15 என்று வந்தால் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி வரிசையில் நிற்கும் எதற்கும் பொருந்தும். ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலத்தை அறிய, கையில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு முடிகிற வேலைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கையில் 12 வேலை, வாரத்துக்கு முடிவது 3 என்றால், புதிதாக வரும் எந்த வேலையும் முடிய சராசரியாக 4 வாரம் ஆகும். கையில் இருப்பதை 6 ஆகக் குறைத்தால் அதே ஆட்கள், அதே வேகத்தில், 2 வாரத்தில் முடிப்பார்கள். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உட்கார வேண்டியதில்லை. நடைமுறையில் வாரத்துக்கு 3 என்பதும் சற்று ஏறும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாலு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்க்கும்போது, விட்ட இடத்தைப் பிடிப்பதிலேயே போய்விடும் நேரம் மிச்சமாகிறதே, அதனால்.

செய்ய வேண்டியது இது. கையில் இருக்கலாம் என்ற வரம்பை ஆள் எண்ணிக்கையோடு ஒன்றோ இரண்டோ கூட்டி வையுங்கள். நான்கு பேருக்கு 5 அல்லது 6. வரம்பு நிறைந்திருக்கும்போது ஒருவர் கை ஓய்ந்தால் அவர் புதிய வேலையை எடுக்கக் கூடாது. நிற்கும் ஒன்றை நகர்த்த உதவ வேண்டும். பதில் வராத கேள்வியைத் துரத்தலாம், அடுத்தவரின் ஸ்கிரீன்களைச் சரிபார்க்கலாம். அவசரம் என்று வருவதற்குத் தனி இடம் ஒன்று, ஒன்றே ஒன்று, இருக்கட்டும். இரண்டாவது அவசரம் வந்தால், இரண்டில் எது காத்திருக்கும் என்பதைக் கேட்டவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இது பெரும்பாலும் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, காத்திருக்கும் வேலைகளை "நம் கையில் இல்லை" என்று கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. அப்படி எடுத்த மறு நிமிடமே அந்த இடத்தில் புது வேலை ஏறிவிடும். பதில் வந்ததும் இரண்டும் சேர்ந்து நிற்கும். இன்னொன்று, டீம் லீடர் தன் கையில் உள்ள வேலைகளைப் பட்டியலில் போடாமல் விடுவது. பல டீம்களில் மிகப் பழைய, மிக நீண்ட நாள் நிற்கும் வேலை அவரிடம்தான் இருக்கும்.

முதல் மூன்று வாரம் சங்கடமாக இருக்கும். ஒருவர் "சும்மா" இருப்பதுபோல் தெரியும். அப்போது மனம் இளகி வரம்பை 8 ஆக்கிவிட்டால் பழைய கதைதான்.

கேள்வி: டீமின் ஒவ்வொரு மணி நேரமும் ஏதாவது ஒரு புராஜெக்ட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறார் எங்கள் மேலாளர். அவருக்கு என்ன சொல்வது?

எண்ணைக் காட்டுங்கள். வேலை ஒழுங்கில்லாமல் வந்து சேரும் வரிசைகளில், காத்திருக்கும் நேரம் சீராக ஏறுவதில்லை. மிக எளிய வரிசைக் கணக்கில், டீமின் நேரத்தில் நிரம்பிய பங்கை நிரம்பாத பங்கால் வகுத்தால், ஒரு வேலை செய்து முடிக்க ஆகும் நேரத்தைப்போல் எத்தனை மடங்கு அது காத்திருக்கும் என்பது கிடைக்கும். 50 சதவீதம் நிரம்பியிருந்தால் 1 மடங்கு, 80 சதவீதத்தில் 4, 90இல் 9, 95இல் 19. இரண்டு நாள் வேலை ஒன்று 80 சதவீதத்தில் சராசரியாக 8 நாள் காத்திருக்கும், 90இல் 18 நாள். உங்கள் டீம் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றாது, ஆனால் வளைவின் வடிவம் இதுதான். கடைசிப் பத்து சதவீதத்தை நிரப்பி மிச்சம் பிடிப்பதைவிட, அதனால் எல்லா வேலையும் தாமதமாவதில் இழப்பது அதிகம்.

திட்டமிடும்போது ஒரு டிசைனரின் வாரத்தை 40 மணி நேரம் என்று எடுக்காதீர்கள். கூட்டங்கள், சந்தேகம் தீர்ப்பது, சரிபார்ப்பு எல்லாம் போக 26 முதல் 28 மணி நேரம் எஞ்சினால் அது நல்ல டீம். அந்த நேரத்தை மட்டும் ஒதுக்குங்கள்.

கேள்வி: எல்லாத் துறைகளிலிருந்தும் வேலை வந்து குவிகிறது. உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் மறுப்பது எப்படி?

வருகிற வாசல் ஒன்றாக இருந்தால் மறுப்பதே பாதி குறைந்துவிடும். ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் போதும். யாருக்கு என்ன சிக்கல்? அது உண்மை என்று எப்படித் தெரியும்? எந்தத் தேதிக்கு வேண்டும், அந்தத் தேதி தவறினால் என்ன நடக்கும்? முடிவெடுக்கும் ஒருவர் யார்? இதைக் கட்டுவதற்கு டெவலப்பர் எப்போது கிடைப்பார்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். டெவலப்பர் இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைப்பார் என்றால் இன்று செய்யும் டிசைன் அதற்குள் பழசாகிவிடும், திரும்பவும் செய்ய நேரிடும். சிறிய டீம்களில் வீணாகும் உழைப்பில் கணிசமான பங்கு இப்படி முன்கூட்டியே செய்து அலமாரியில் வைத்த வேலைதான்.

படிவத்தைத் தாண்டி வந்தவற்றுக்கு மூன்று அளவு உதவி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, டிசைனர் ஆரம்பம் முதல் கடைசிவரை கூடவே இருப்பது. இரண்டாவது, கேட்டவர்களே பட்டன், பெட்டி போன்ற தயாரான கூறுகளை வைத்துச் செய்து வர, டிசைனர் வாரத்துக்கு அரை மணி நேரம் பார்த்துத் திருத்துவது. மூன்றாவது, டெம்ப்ளேட்டைக் கொடுத்துவிடுவது, அவ்வளவுதான். உள் உபயோக ஸ்கிரீன்கள், அறிவிப்பு பேனர்கள், ஸ்லைடுகள் எல்லாம் மூன்றாவதில் அடங்கும். "முடியாது" என்று சொல்ல வேண்டிய பல இடங்களில் "இது இரண்டாவது அளவு" என்று சொன்னால் போதும்.

முழுதாக மறுத்தே ஆக வேண்டிய நேரத்தில் வரிசையைத் திறந்து காட்டுங்கள். "இப்போது இந்த ஆறும் ஓடுகிறது. உங்களுடையது உள்ளே வர எதை வெளியே எடுக்கலாம்?" என்று கேட்கலாம். இந்தப் பேச்சு நடக்க வேண்டுமானால் வரிசை எல்லோரும் எப்போதும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். மறுப்பைத் தனிப்பட்ட முறையில் சொல்லி மறைத்து வைத்தால்தான் உறவு கெடுகிறது.

கேள்வி: நான்கு பேர் டீமுக்கு டிசைன் சிஸ்டம் (நிறம், அளவு, பட்டன் போன்றவற்றின் பொதுத் தொகுப்பு) தேவையா? தொடங்கி அரைக் கிணறு தாண்டியதோடு நின்ற அனுபவம் எங்களுக்கு உண்டு.

தேவை. ஆனால் பெரிய நிறுவனங்கள் வெளியிடும் அளவில் அல்ல. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது இதற்கு நன்றாகவே பொருந்தும்.

மக்கள் அதிகம் பயன்படுத்தும் 10 ஸ்கிரீன்களைப் படமெடுத்து ஒரே பலகையில் ஒட்டுங்கள். பட்டன்களை மட்டும் வெட்டி ஓரிடத்தில் வையுங்கள். சாம்பல் நிறம் எத்தனை, எழுத்து அளவு எத்தனை என்று எண்ணுங்கள். ஏழெட்டு வகைப் பட்டன், பன்னிரண்டு சாம்பல் என்று வருவது புதிதல்ல. இந்தப் பலகை ஒன்றைக் காட்டினாலே மேலிடத்தில் நேரம் கேட்பது எளிதாகும்.

அடுத்து அடிப்படை எண்கள். இடைவெளிக்கு 4, 8, 12, 16, 24, 32, 48 என்று ஏழு எண் போதும். எழுத்துக்கு ஐந்து அளவு. நிறங்களுக்குப் பெயரிடும்போது 'நீலம் 500' என்று டிசைனர்களும் டெவலப்பர்களும் நேரடியாக எடுத்துப் போடும்படி விடாமல், அதன்மேல் வேலையைச் சொல்லும் பெயரை வையுங்கள். 'முதன்மைச் செயல்', 'பிழை', 'மங்கலான உரை' என்பதுபோல. நாளைக்கு நீலம் பச்சையானாலும், இருண்ட பின்னணி வந்தாலும் ஓரிடத்தில் மாற்றினால் போதும். நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் அன்றே உரைக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச மாறுபாட்டைச் சரிபாருங்கள். இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிப்படி, அதன் நடுத்தர நிலையான ஏஏவில் சாதாரண உரைக்குப் பின்னணியோடு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 இருக்க வேண்டும். 2023இல் வந்த 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. சில விதிவிலக்குகள் உண்டு, விரலால் தொடும் ஸ்கிரீன்களில் 44 வைப்பது நல்லது. இதை நிறத்திலும் கூறிலும் ஒருமுறை சரிசெய்துவிட்டால் ஒவ்வொரு ஸ்கிரீனிலும் தனித்தனியாகப் பார்க்கும் உழைப்பு பெருமளவு குறையும்.

பிறகு கூறுகள். முதல் சுற்றுக்கு எட்டு: பட்டன், உள்ளீட்டுப் பெட்டி, தேர்வுப் பட்டியல், செக்பாக்ஸ், கார்டு, அறிவிப்புப் பட்டை, உரையாடல் பெட்டி, அட்டவணை வரிசை. ஒன்று மூன்றாவது முறையாகத் தேவைப்படும்போதுதான் அதைக் கூறாக்க வேண்டும். இரண்டு முறை வந்தவற்றைப் பொதுவாக்கினால் பெரும்பாலும் தவறான பொதுமையே கிடைக்கும்.

இப்போது, எது கெடுகிறது என்பது. டிசைன் மென்பொருளான ஃபிக்மாவில் பட்டனுக்கு 4 வகை, 3 அளவு, 6 நிலை, ஐகான் இல்லாமல், முன்னால், பின்னால் என்று 3, எல்லாவற்றையும் வேரியன்ட்டாக, அதாவது தனித்தனி வடிவமாக, போட்டால் 216 பட்டன் வரும். ஒரு மூலையை மாற்றினால் 216 இடத்தில் சரிபார்க்க வேண்டும். ஐகானை மட்டும் ஆன்-ஆஃப் பண்பாக்கினாலே 72 ஆகிவிடும். அளவு உண்மையில் இரண்டே போதுமென்றால் 48. சிறிய டீமின் சிஸ்டம் நின்றுபோவதற்கு இந்தப் பெருக்கல் ஒரு பெரிய காரணம்.

இன்னொன்று, டிசைன் ஃபைலில் ஒரு பெயர், கோடில் வேறு பெயர். ஃபைலில் 'அலர்ட்', கோடில் 'நோட்டீஸ்' என்றிருந்தால் ஒவ்வொரு உரையாடலிலும் ஒரு நிமிடம் மொழிபெயர்ப்புக்குப் போகும். பெயரை முதலில் டெவலப்பரோடு உட்கார்ந்து முடிவுசெய்து, அதன் பிறகு வரையுங்கள்.

நேரம் எங்கிருந்து வரும்? இதைத் தனி புராஜெக்ட்டாக அறிவித்தால் முதல் அவசரத்திலேயே பலியாகும். வாரத்துக்கு 4 மணி நேரம், ஒரே நாளில், ஒரு டிசைனரும் ஒரு டெவலப்பரும் சேர்ந்து உட்காருவது நீடிக்கும். அந்த வாரம் ஓடும் வேலைக்குத் தேவையான கூறையே எடுத்துச் செய்யுங்கள். யாருக்கும் இப்போது தேவைப்படாத காலண்டர் கூறைச் செய்து வைப்பது வெறும் ஆசை. மாதத்துக்கு ஒருமுறை, யாராவது கூறைச் சிஸ்டத்திலிருந்து பிய்த்துத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்ட இடங்களைப் பாருங்கள். பிய்த்தவரைக் கண்டிக்க வேண்டாம். கூறில் எது போதவில்லை என்பதை அந்த இடங்கள்தான் காட்டும்.

கேள்வி: பயனர் ஆய்வுக்கு ஆளும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்கிறார்களே, உண்மையா?

ஒரு எல்லைக்குள் உண்மை. பயன்பாட்டு எளிமை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளில் இடறுகிறார் என்றால் ஐந்து பேர் சேர்ந்து ஏறத்தாழ 85 சதவீதத்தைக் காட்டிவிடுவார்கள். ஆறாவது ஆளிலிருந்து புதிதாகத் தெரிவது குறைந்துகொண்டே போகும். ஆனால் அந்த 31 ஒரு சராசரி. சிக்கலான மென்பொருளில் அது குறைவாக இருக்கலாம். வாங்குபவர், விற்பவர் என்று இரண்டு வகைப் பயனர் இருந்தால் ஐந்து பேர் போதாது, வகைக்கு மூன்று நான்கு பேர் வேண்டும். இது குறைகளைக் கண்டுபிடிக்கும் முறை மட்டுமே. ஐந்தில் மூன்று பேர் தடுமாறினார்கள் என்பதை "60 சதவீதம் பேருக்குச் சிக்கல்" என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

ஒரு சுற்றை மூன்று நாளில் முடிக்கலாம். முதல் நாள் மூன்று பணிகளை எழுதி, ஒருவரை வைத்து ஒத்திகை பாருங்கள். இரண்டாம் நாள் ஐந்து பேர், ஆளுக்கு 45 நிமிடம், இடையில் குறைந்தது 20 நிமிடம். மூன்றாம் நாள் காலையில், பார்த்த எல்லோரும் சேர்ந்து திருத்த வேண்டியதை முடிவுசெய்யுங்கள். டெவலப்பர் ஒருவரையும் புராடக்ட் மேனேஜரையும் பார்வையாளராக உட்கார வைத்தால் நீண்ட அறிக்கை எழுதும் வேலையே இல்லை, அதுவே இரண்டு நாள் மிச்சம்.

பணியை எழுதும் சொல்லில்தான் பலர் தவறுகிறார்கள். ஸ்கிரீனில் 'முகவரி மாற்று' என்று பட்டன் இருக்கும்போது "முகவரியை மாற்றுங்கள்" என்று பணி கொடுத்தால் அது சொல் தேடும் விளையாட்டாகிவிடும். "நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள். அடுத்த பொருள் புது வீட்டுக்கு வர வேண்டும்" என்று சொல்லுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். அவர் தடுமாறும்போது உதவத் துடிக்கும் அந்த பத்து நொடி மௌனத்தில்தான் நமக்கு வேண்டியது கிடைக்கிறது.

கேள்வி: டிசைனைக் கொடுத்த பிறகும் டெவலப்பர்கள் திரும்பத் திரும்ப வந்து கேட்கிறார்கள். பாதி நாள் அதிலேயே போகிறது.

அவர்கள் கேட்பதை இரண்டு வாரம் குறித்து வையுங்கள். பெரும்பாலும் வரையாமல் விட்ட நிலைகளைப் பற்றியே இருக்கும். ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஐந்து நிலை உண்டு: எதுவும் இல்லாத வெறுமை, தரவு வந்துகொண்டிருப்பது, ஒன்றிரண்டு மட்டும் இருப்பது, நிறைந்திருப்பது, பிழை. நாம் பொதுவாக வரைவது நிறைந்த நிலையை மட்டும், அதுவும் அளவான பெயர்களும் அழகான படங்களும் வைத்து. மிக நீளமான பெயர், படமே இல்லாத கணக்கு, ஏழு இலக்கத் தொகை ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். 320 பிக்சல் அகலத்தில் என்ன ஆகிறது என்றும் காட்டுங்கள்.

எல்லா நிலைக்கும் முழு ஓவியம் வேண்டியதில்லை. கூறுகள் ஏற்கெனவே இருந்தால் "வெறுமை நிலை: கார்டு கூறு, இந்த வாக்கியம், இந்தப் பட்டன்" என்று ஒரு வரி போதும். ஒப்படைக்கும் நாளுக்காகக் காத்திருக்காமல், பாதி வரைந்ததும் டெவலப்பருக்கு 20 நிமிடம் காட்டிவிடுங்கள். "இந்தத் தரவு நம்மிடம் இல்லை" என்பது அன்றைக்குத் தெரிந்தால் ஒரு மணி நேர வேலை, கடைசியில் தெரிந்தால் ஒரு வாரம்.

கேள்வி: டெட்லைன் நெருங்கிவிட்டது. ஃப்ரீலான்சர் இருவரைச் சேர்த்தால் முடித்துவிடலாமா?

தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் வல்லுநர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் சொன்னது டிசைனுக்கும் பொருந்தும். நான்கு பேருக்குள் பேச்சுத் தொடர்புகள் 6. ஆறு பேரானால் 15. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர், வேலையை முடிக்க வேண்டிய அதே ஆள்.

பின்னணி அறியாமலே செய்யக்கூடியவற்றுக்கு மட்டும் வெளி ஆளை எடுங்கள். ஐகான் தொகுப்பு, சித்திரங்கள், அனிமேஷன், பழைய ஸ்கிரீன்களைப் புதிய கூறுகளுக்கு மாற்றுவது போன்றவை. மற்றபடி, தேதி மாறாது என்றால் பரப்பைக் குறைப்பதே வழி. முதல் வெளியீட்டில் எந்த ஸ்கிரீன் இல்லாவிட்டாலும் பயனரின் வேலை முடியும் என்று பார்த்து அதைத் தள்ளிவையுங்கள். தரத்தை எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது மிக மோசமான தேர்வு. பிறகு எதைத் திருத்துவது என்றே தெரியாமல் போகும்.

கேள்வி: டீம் லீடர் தானும் டிசைன் செய்ய வேண்டுமா? வாராந்திர விமர்சனக் கூட்டத்தில் நான் வாய் திறந்ததும் மற்றவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள்.

நான்கு பேர் டீமில் வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் கையில் வேலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மற்றவர்கள் காத்து நிற்கும் வேலையை எடுக்காதீர்கள். உங்கள் நாள் எப்போது துண்டாகும் என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த மாதத்துக்கான ஆராய்ச்சி, சிறு திருத்தங்கள், சிஸ்டத்தில் ஒரு கூறு, இவை உங்களுக்குரியவை.

கூட்டத்தை 45 நிமிடம், இரண்டே வேலை என்று வையுங்கள். டிசைனைக் காட்டுபவர் மூன்று செய்தி சொல்லித் தொடங்கட்டும்: இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இன்று எந்த முடிவுக்கு உதவி வேண்டும், எதைப் பற்றி இப்போது கருத்து வேண்டாம். பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் எழுதுவது. அதன்பின் அனுபவம் குறைந்தவரிலிருந்து வரிசையாக வாசிப்பது. உங்கள் முறை கடைசி. நீங்கள் சொல்வது கட்டளையா, யோசனையா, வெறும் விருப்பமா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லையென்றால் "அந்த நிறம் கொஞ்சம் இப்படி இருந்தால்..." என்று நீங்கள் சொன்னதற்கு ஒருவர் இரவு முழுக்க உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருப்பார். எதை ஏற்பது, எதை விடுவது என்பதை வேலையை வைத்திருப்பவரே முடிவுசெய்து மறுநாள் நாலு வரியில் எழுதிப் போடட்டும். "ஏற்கவில்லை, காரணம் இது" என்ற வரியும் அதில் இருக்கலாம், அது உங்கள் கருத்தைப் பற்றியதாக இருந்தாலும்.